எண்பது கிலோ நாற்காலி

பதினெட்டு வாரமாக இந்தத் தொடரில் ஒரே குடும்பத்தைப் பற்றி எழுதி வருகிறேன். அதில் இருப்பது மூன்றே பேர். அந்த மூன்று பேரில் இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. இவர்களை வைத்துக்கொண்டு வாராவாரம் வசனம் எழுதுகிற என் பாட்டை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேறொரு ஊரில் அடுக்குமாடிகள் வரிசையாக எழும்பியபோது கம்பெனி அவரை அங்கே கேட்டது. வீட்டில் ஒரு வார்த்தை கலந்துகொள்ளாமல் சரி என்று சொல்லிவிட்டு வந்தார் மனிதர். அம்மா கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பொறுக்கமாட்டாள், இதைப் பொறுப்பாளா? "போங்க. ஆனா வாங்கன்னு நான் கூப்பிடமாட்டேன்" என்றாள். "நீ கூப்பிடாம நானும் வரமாட்டேன்" என்றார் அவர். மூன்று மாத வேலை என்று போனவர், எட்டு மாதம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளுக்கு அவரிடமிருந்து போன் வரும். அம்மா சரியாக அந்த நேரம் பார்த்துத் துணி உலர்த்தக் கிளம்புவாள். கொடி இருப்பது போன் பேசுகிற ஜன்னலுக்கு வெளியேதான். உலர்ந்த துணியைக்கூட மறுபடி உதறி உதறிப் போடுவாள்.

அந்த மகளுக்கு இன்று பெரிய நாள். கணினியையும் கலையையும் சேர்த்துப் படிக்கிற இரண்டு வருட முதுகலைப் படிப்பின் கடைசிக் கண்காட்சி பத்து நாளாக நடக்கிறது, இன்று தேர்வாளர் வந்து மதிப்பெண் போடுகிறார். "அது கம்ப்யூட்டர் படிப்பா, டிராயிங் படிப்பா?" என்று அம்மாவின் முதலாளி ஒருமுறை கேட்டார். "ரெண்டும்" என்றாள் அம்மா. "அப்போ ரெண்டும் பாதிப் பாதிதான்" என்றார் அவர். அம்மா அவரிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமலிருப்பதில் அவளுக்குக் கைதேர்ந்த பழக்கம் உண்டு, உங்களுக்குத்தான் தெரியுமே.

காலை ஒன்பது மணிக்கு மகள் ஸ்டூடியோவின் மூலையில், மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். அது அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. கூடவே மூன்று நாற்காலிகள். மூன்று வாரத்துக்கு முன் வண்டி வைத்து இங்கே தூக்கிவந்துவிட்டாள். அன்றிலிருந்து அம்மா அடுப்பு மேடைக்கு முன்னால் நின்றபடியே சாப்பிடுகிறாள்.

"மூணாவது வயர் லூசா இருக்கு, ஆட்டாத" என்றான் கூடப் படிக்கிற 'வயர்'. அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அந்த வகுப்பில் யாருக்கும் ஞாபகமில்லை. யாருடைய புராஜெக்ட் படுத்துவிட்டாலும் கூப்பிடு வயரை என்பார்கள். அவனுடைய சொந்தப் படைப்பு ஒரு முகக்கண்ணாடி. நாம் சிரித்து ஐந்து நொடி கழித்துத்தான் அதிலிருக்கும் முகம் சிரிக்கும். முதல் நாளே இரண்டு பேர் அதைப் பார்த்து அழுதுவிட்டார்கள், ஏன் என்று அவனுக்கே புரியவில்லை.

இவளுடைய படைப்பைச் சொல்கிறேன். முதல் வருடத்தில் ஒலி வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஓரிடத்தில் ஒரு வாரம் எழும் சத்தத்தை அப்படியே பதிவு செய்ய வேண்டும். சோம்பேறித்தனத்தில் இவள் ரெக்கார்டரை வீட்டு மேஜைக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டாள். ஏழு காலைகள் அதில் பதிந்தன. மதிப்பெண் ஒன்றும் பிரமாதமாக வரவில்லை, மறந்தும் போனாள். அப்பா போன பிறகு பழைய ஃபைல்களைத் துழாவியபோது அது கிடைத்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டவள், அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை.

இப்போது அந்த ஏழு காலைகளையும் ஆறு ஆறு நிமிடமாக வெட்டி, மூன்று நாற்காலிக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால், வழக்கமாக அங்கே உட்காருகிறவரின் காதில் என்ன விழுந்ததோ அது மேஜையிலிருந்து கேட்கும். ஆனால் சும்மா உட்கார்ந்தால் கேட்காது. ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் எடை பார்க்கும் கருவி இருக்கிறது. லிஃப்டில் ஆள் அதிகமானால் கத்துமே, அதே சாதிதான். பழைய லிஃப்ட் ஒன்றைப் பிரித்தபோது அப்பாதான் எடுத்து, பஞ்சு சுற்றிக் கூரியரில் அனுப்பினார். அந்தந்த ஆளின் எடை வந்தால்தான் நாற்காலி விழிக்கும். குறைச்சலாக இருக்கிறவர்கள் பக்கத்தில் அடுக்கியிருக்கும் மணல் பைகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் இடத்தில் உட்கார ஆசைப்பட்டால் அவருடைய கனத்தையும் கொஞ்சம் சுமந்து பார்க்கட்டுமே என்பது அவள் எண்ணம்.

தேர்வாளர் இவளிடம் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. பத்தரைக்கு ஒரு புரொஜெக்டர் புகைந்தது. அதனால் இவளுக்கு முன்னால் இருந்த நான்கு பேரின் நேரமும் தள்ளிப்போய், இவளுடைய முறை பிற்பகல் மூன்று மணி என்றாயிற்று.

"மூணா?" என்றாள். 

"ஏன், மூணு மணிக்கு என்ன?"

"எங்கம்மாவை மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன்."

"வரட்டும். நல்லதுதானே."

"எங்கப்பாவையும் மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு பேருக்கும் இன்னொருத்தர் வர்றது தெரியாது."

வயர் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தான். "நீ புராஜெக்ட் பண்ணலடி, பொறி வச்சிருக்க."

அவன் சொன்னது சரிதான். எட்டு மாதமாக அவள் ஆசைப்பட்டது மதிப்பெண்ணுக்கு இல்லை. ஆறே ஆறு நிமிடம், அந்த மேஜையில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு வயர், இவ்வளவு மணல். பொட்டுத் தூக்கமில்லாத இத்தனை வாரமும் அதற்காகத்தான்.

அம்மா இரண்டே முக்காலுக்கே வந்துவிட்டாள். அரை நாள் லீவு. கடையிலிருந்து நேராக வந்திருந்தாள், நகக்கண்ணில் லென்ஸ் தேய்த்த வெள்ளைத் தூள் இன்னும் இருந்தது. வாசலில் வயரின் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இதுல பாதரசம் போயிடுச்சு போல, முகம் லேட்டா வருது" என்றாள். தொழில் புத்தி. வயர் அதை மறுக்காமல், "ஆமாங்க ஆன்ட்டி" என்று ஒதுங்கிக்கொண்டான்.

மேஜையைப் பார்த்ததும் நின்றாள். அதன் ஓரத்தில் ஒரு விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள்.

"துடைக்கவே இல்லையா இதை?"

"துடைச்சேன்மா. நீ உட்காரு. அதுதான் உன் நாற்காலி, அம்பத்தெட்டு கிலோ."

"என் எடையை ஊருக்கே எழுதி ஒட்டியாச்சா?" அவள் பார்வை எதிர் நாற்காலிக்குப் போனது. அதன் முதுகில் எண்பது என்று எழுதியிருந்தது. "எண்பத்திரண்டு இல்ல?"

"ரெண்டு கிலோ தள்ளுபடி பண்ணியிருக்கேன்."

அம்மா சிரிக்கவில்லை. ஏதோ விலை விசாரிக்கிற மாதிரி, "என் நாற்காலியில உட்கார்ந்தா என்ன கேக்கும்?" என்றாள்.

"அப்பா குரல்."

"ஓ."

"ஆறு நிமிஷத்துல நாப்பத்தோரு 'ம்' இருக்கு. எண்ணிப் பார்த்தேன். நடுவுல ரெண்டு முழு வாக்கியமும் உண்டு."

"ரெண்டு இருக்கா?" என்றாள் அம்மா. மகள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தாள். ஆனாலும் அம்மா உட்காரவில்லை. கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். "காலையிலேர்ந்து உட்கார்ந்துதான் வேலை பார்த்தேன். இப்படியே நிக்கிறேன்" என்றாள்.

அப்போதுதான் கதவருகே ஒரு குரல் கேட்டது. "பாப்பா, நான் சீக்கிரம் வந்துட்டேனா?"

அப்பா. மூன்று மணி ஆக ஐந்து நிமிடம் இருந்தது. நல்ல சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டை அவருக்குத்தான் வாங்கியதா என்று சந்தேகப்படும்படி தோளிலிருந்து வழிந்தது. இடுப்பு பெல்ட்டில் கம்பெனிக்காரன் போட்ட ஓட்டைகளைத் தாண்டி ஆணியால் குத்திய ஓட்டை ஒன்று. அம்மா திரும்பினாள். அவர் பார்த்தார். அவள் உடனே சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு விதிமுறைகளை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மாவும் வந்திருக்காங்களா? நீ சொல்லவே இல்லையே" என்றார் அப்பா மகளிடம்.

"என்கிட்டயும்தான் சொல்லல" என்றாள் அம்மா விதிமுறையைப் பார்த்து.

"உங்கம்மா நல்லா இருக்காங்களாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லு. எப்ப கிளம்பினாராம்? சாப்பிட்டாராமா?"

"பஸ்ல ஏறும்போதே சாப்பிட்டேன்னு சொல்லு."

பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு தபால்காரி வைத்துப் பேசுகிறார்கள். மகளுக்குச் சிரிப்பும் வந்தது, இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் வந்தது. அதற்குள் ஃபைலை அணைத்துக்கொண்டு தேர்வாளர் உள்ளே நுழைந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடி தொங்கும் பெண்மணி.

"மன்னிச்சுக்கம்மா, ரொம்ப காக்க வச்சுட்டேன். யாராவது உட்கார்ந்து காட்டினா பார்த்துடலாம். சார், நீங்க உட்காருங்களேன்."

"அது அவர் நாற்காலிதான் மேடம்" என்றாள் மகள்.

அப்பா உட்கார்ந்தார். வீட்டில் உட்காருவது போலவே, இடது கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு. மகள் அண்ணாந்து பார்த்தாள். மேஜைக்கு மேலே தொங்கும் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை.

ஒரு நிமிடம் போனது. தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார். வயர் தரையில் தவழ்ந்து போய் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்து, எல்லாம் சரி என்று தலையாட்டினான். மகள் லேப்டாப்பைத் திருப்பினாள். திரையில் அந்த நாற்காலிக்கு நேராக அறுபத்தேழு என்று இருந்தது.

கருவி தப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அப்பா தலையைக் குனிந்து இருக்கைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். முப்பது வருடம் லிஃப்ட் பார்த்த மனிதர்.

"பாப்பா, எண்பதுல வச்சியா?"

"ஆமாப்பா. நீங்க எண்பத்திரண்டு தானே."

"அது அப்ப" என்றார் அப்பா. ஏதோ அவர் தவறு செய்துவிட்ட மாதிரி குரல் இறங்கியது. "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கருவி நல்லா இருக்கு. லோடுதான் பத்தல."

எட்டு மாதம் போனில் எல்லாம் கேட்டாள் அந்தப் பெண். சாப்பாடு எப்படி, ரூமில் காற்று வருமா, எத்தனையாவது மாடியில் வேலை. எடையை மட்டும் கேட்கத் தோன்றவில்லை. அவளுக்குள் இருந்த அப்பா அதே எண்பத்திரண்டு கிலோவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவரை வைத்தே நாற்காலி செய்து முடித்துவிட்டாள்.

"அதுக்குத்தானே மணல் பை இருக்கு?" என்றார் தேர்வாளர். நல்ல மனசோடுதான் சொன்னார், அவருக்கு என்ன தெரியும். தானே ஒரு பையைத் தூக்கிக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்தார். பத்து கிலோ பை. அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பணிவாக உட்கார்ந்திருந்தார். சொந்த நாற்காலியில் தானாக உட்கார முடியாமல், மணலைக் கட்டிக்கொண்டு. திரை எழுபத்தேழைக் காட்டியது. தேர்வாளர் இன்னொரு பைக்காகத் திரும்பினார்.

மகளின் விரல் விசைப்பலகைக்குப் போனது. எண்பதை அழித்துவிட்டு அறுபத்தைந்து என்று அடித்தால் தீர்ந்தது. மூன்று நொடி வேலை. யாருக்கும் தெரியாது.

"அதைக் கீழ வைங்க."

அம்மாவின் குரல். தீயணைப்பு விதிமுறைகளை விட்டுவிட்டு எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. கைப்பை தரையில் கிடந்தது.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். எட்டு மாதத்தில் அவள் அவரிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது. அவர் அசையாமல் இருக்கவே, அவளே அந்தப் பையை அவர் மடியிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டாள். பின்னால் போய் நின்று, இரண்டு உள்ளங்கையையும் அவர் தோளில் வைத்து அழுத்தினாள்.

"ஆடாம உட்காருங்க."

எழுபது. எழுபத்துமூன்று. மகள் விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். அம்மா குதிகாலைத் தூக்கி, உடம்பின் பாரம் முழுவதையும் கைக்குக் கொண்டுவந்தாள். எழுபத்தெட்டு. எண்பது.

விளக்கு எரிந்தது.

தட்டு வைக்கும் சத்தம். குழாய் திறந்து மூடும் சத்தம். பிறகு, இரண்டு வருடத்துக்கு முந்தைய அம்மாவின் குரல் அந்த மேஜையிலிருந்து எழுந்தது. "ஏங்க, ஏழரை ஆச்சு. இன்னும் பேப்பரா? தண்ணி பாட்டில் எடுத்தாச்சா? நேத்து மாதிரி வச்சுட்டுப் போயிடாதீங்க. இந்தாங்க, இன்னும் கொஞ்சம் வச்சுக்குங்க. மத்தியானம் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டா யார் வந்து போடுவா உங்களுக்கு?"

அந்தக் குரலில் எவ்வளவு செல்லம் இருந்தது என்று பேசிய அன்றைக்கு அவளுக்குத் தெரிந்திருக்காது. திட்டிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருப்பாள். இப்போது அம்மா நின்று கேட்டாள். அவளுக்கு அந்தப் பழைய அம்மாமேல் பொறாமையாக இருந்தது.

"கை வலிக்கும், விடு" என்றார் அப்பா மெதுவாக.

"பேசாம கேளுங்க."

கை எடுத்தால் குரல் நின்றுவிடும், அதனால் அவள் எடுக்கவில்லை. இரண்டாவது நிமிடத்தில் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. கைக்குக் கீழே எலும்பு. எட்டு மாதம் முன்பு அங்கே சதை இருந்தது, அவளுக்குத் தெரியாதா. சட்டையை மீறி அவர் உடம்பின் சூடு உள்ளங்கையில் ஏறியது. அழுத்தினால் இவருக்கு வலிக்குமோ என்று பயந்தாள், லேசாக்கினால் எண்பதுக்குக் கீழே போய்விடுமோ என்றும் பயந்தாள்.

தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினார்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அப்பாவின் நாற்காலிக்கான பதிவில் அப்பாவின் குரல் இருக்காது. அவருடைய பதில்களை மகள் வெட்டி எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் இரண்டு நொடி மௌனம். உட்காருகிறவர்கள் விரும்பினால் அதில் பதில் சொல்லட்டும் என்று விட்டிருந்தாள். பத்து நாளாக வந்தவர்கள் யாரும் சொன்னதில்லை.

"சாயங்காலம் சீக்கிரம் வந்துடுவீங்கல்ல?" என்றது மேஜையிலிருந்த குரல்.

இரண்டு நொடி மௌனம்.

"ம்" என்றார் அப்பா.

கடைசி அரை நிமிடம் வெறும் பாத்திரச் சத்தம்தான். பிறகு விளக்கு அணைந்தது. தேர்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் அந்தக் கண்ணாடியைப் பார்த்துட்டு வரேன்" என்று வயரையும் கையோடு இழுத்துக்கொண்டு வெளியே போனார். ஃபைலை இங்கேயே மறந்துவிட்டுப் போனார். மகள் அதைத் திறந்து பார்க்கவில்லை.

அம்மா இன்னும் கையை எடுக்கவில்லை. இப்போது அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தாள்.

"வேலை ஜாஸ்தி" என்றார் அப்பா, யாரும் கேட்காமலே. "ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கல. அவ்வளவுதான்."

"பதினஞ்சு கிலோவா?"

அவர் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

பொய் சொல்ல அவருக்கு வராது. அதனால்தான் பாதி நாள் வாயே திறக்கமாட்டார். மகள் பக்கம் ஒருமுறை பார்த்தார், அவளுக்குத் தெரியவேண்டாம் என்றுதான் இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் காற்று வருகிறது, மாடி உயரம் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு இப்போது எல்லாம் புரிந்தது. ஆசைப்பட்டபடி இரண்டு பேரையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. ஓடிப்போய் அப்பாவின் மடியில் விழுந்து அழ வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

"போனேன். மூணு தடவை டெஸ்ட் எடுத்தாங்க" என்றார் அப்பா. "நாளைக்கு ரிப்போர்ட் தரேன்னிருக்காங்க. பெரிய டாக்டர் பார்த்துச் சொல்வாராம். நான் போய் வாங்கிட்டு போன் பண்றேன், நீங்க ஒண்ணும்..."

அம்மா குனிந்து தரையில் கிடந்த கைப்பையை எடுத்தாள். சுற்றி வந்து, ஐம்பத்தெட்டு என்று எழுதிய நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது, அப்பாவின் முதல் 'ம்' மேஜையிலிருந்து கேட்டது. அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள்.